தன்னொடு கற்றோன்

தண்டையார்பேட்டையில் நான் படித்த மாநகராட்சிப் பள்ளியில், சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பத்தாம் வகுப்பில் ஒன்றாயிருந்த நாங்கள் கூடினோம். ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த சந்திப்பு. இப்பகுதிக்கு 2021-இல் மெட்ரோ ரயில் வந்துவிட்டது. துறைமுகத்தை நோக்கி நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையும், காற்றுத் திரும்பினால் காசிமேட்டிலிருந்து வரும் மீன் வாடையும் மட்டும் நாங்கள் விட்டுச் சென்றபடியே இருந்தன.

நண்பரொருவர் விளையாட்டாக எல்லார் பெயர்களையும் அகர வரிசையில் ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்து, அந்நாளைய வகுப்பாசிரியரின் குரலில் வருகைப்பதிவு எடுத்தார். நாங்களும் ஒவ்வொருவராக எழுந்து நின்று “உள்ளேன் ஐயா” என்றோம். சிரிப்பும் கேலியுமாகப் போய்க்கொண்டிருந்த அந்த விளையாட்டு ஆறாவது பெயரில் நின்றுவிட்டது. பட்டியலை எழுதியவருக்குச் செய்தி தெரிந்திருக்கவில்லை. பின்வரிசையில் இருந்த ஒருவர்தான் மெல்லச் சொன்னார். பட்டியல் முடிவதற்குள் அப்படி நான்கு பெயர்கள். ஒருவன் விசைப்படகில் கடலுக்குச் சென்று திரும்பவில்லை. ஒருவன் எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரியில் அடிபட்டு இறந்தான். இருவரை நோய் கொண்டுபோயிற்று. எங்கள் தமிழாசிரியர் 2021-இல், கொரோனாவின் இரண்டாம் அலையில் காலமானார். அந்நாளைய நிலையில் அவர் மாணவர்களுள் ஒருவரும் இறுதிச் சடங்கிற்குப் போக முடியவில்லை.

தமிழ் படித்தவன், கல்லூரியில் தமிழ் கற்பிப்பவன் என்பதால் என்னை இரங்கல் உரை ஆற்றச் சொன்னார்கள். ஐயாவைப் பற்றிக் கால்மணி நேரம் தங்கு தடையின்றிப் பேசினேன். அவர் செய்யுளைப் பிரித்துப் படிக்கும் முறை, சுண்ணாம்புக்கட்டியை இரண்டாக ஒடித்துப் பாதியைப் பைக்குள் வைத்துக்கொள்ளும் பழக்கம் எல்லாம் நினைவுக்கு வந்தன. இறந்துபோன நால்வரைப் பற்றிப் பேசத் தொடங்கியபோது என்னிடம் சொற்கள் இல்லை. நால்வருள் ஒருவனுடைய பட்டப்பெயர்தான் எனக்குத் தெரியுமே ஒழிய, பதிவேட்டில் இருந்த முழுப்பெயர் அன்றுதான் காதில் விழுந்தது. ‘நல்லவர்கள், நம்மை விட்டுப் பிரிந்தார்கள்’ என்று பொதுவாக ஏதோ சொல்லி அமர்ந்துவிட்டேன். அன்றிரவு முழுவதும் அந்த வெறுமை உறுத்திக்கொண்டே இருந்தது. ஆசிரியரைப் பேச வாய்த்த மொழி, உடன் பயின்றவனைப் பேச ஏன் வாய்க்கவில்லை? இது என் ஒருவனுடைய மறதி மட்டுந்தானா, நம் மரபிலேயே இப்படி ஒரு குறை இருக்கிறதா என்று யோசித்ததன் விளைவே இக்கட்டுரை.

*

மரபின் தொடக்கத்தில் அந்தக் குறை இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல், ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் எழுதும் தகுதி யார் யாருக்கு உண்டு என்று வரையறுக்கிறது. நூல் செய்தவன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளல் ஆகாது. அவனைப் பற்றி எழுதத் தக்கவர் நால்வர்: அவனுடைய ஆசிரியன், அவனோடு சேர்ந்து கற்றவன், அவனுடைய மாணாக்கன், நூலுக்கு உரை செய்தவன். இவர்களுள் இரண்டாமவனைப் பவணந்தியார் ‘தன்னொடு கற்றோன்’ என்கிறார். தொல்காப்பியத்திற்குப் பாயிரம் செய்த பனம்பாரனாரைத் தொல்காப்பியரின் ஒருசாலை மாணாக்கர் என்றே உரை மரபு சொல்லி வருகிறது. நமக்குக் கிடைத்துள்ள நூல்களுள் மிகப் பழமையான அந்த இலக்கண நூலை நாம் திறக்கும்போது முதலில் கேட்கும் குரல், உடன் படித்த ஒருவருடைய குரல்.

நன்னூல் அத்துடன் நிற்கவில்லை. பாடம் கேட்கும் முறையைச் சொல்லும் இடத்தில் கல்விக்கு ஒரு கணக்கும் தருகிறது. ஆசிரியர் சொன்னதை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் கிடைப்பது புலமையில் காற்பங்குதான். உடன் பயில்வோரோடு பழகிப் பெறுவது இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வந்து சேர்கிறது. வகுப்பில் இந்தச் சூத்திரத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். பள்ளிக் கூடலுக்குப் பிறகு அதை வேறு விதமாகப் படிக்க நேர்ந்தது. ஆசிரியருக்கும் உடன் பயின்றவனுக்கும் பவணந்தியார் கொடுத்த பங்கு சமமானது. நான் முதற்கடனை ஒப்புக்கொண்டு இரண்டாவதை மறந்திருந்தேன்.

*

பிற்காலத்தில் ஆசிரியர் நினைவு மட்டும் நன்றாகத் தழைத்திருக்கிறது. வெகுதூரம் போக வேண்டியதில்லை. எங்கள் ஊரின் பெயரே ஓர் ஆசானின் நினைவு என்றுதான் இங்குள்ள பெரியவர்கள் சொல்வார்கள். இராமநாதபுரம் சீமையில் தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் பிறந்து, வடசென்னையில் வந்து தங்கி, 1838-இல் மறைந்தவர் குணங்குடி மஸ்தான் சாகிபு. தொண்டியிலிருந்து வந்தவராதலின் தொண்டியார்; அவர் வாழ்ந்த இடம் தொண்டியார்பேட்டை; அது மருவித் தண்டையார்பேட்டை. அவர்மீது திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் நான்மணிமாலை பாடினார். ஐயாசாமி முதலியார் பதிற்றுப்பத்தந்தாதி பாடினார். ஒரு சூஃபி ஞானியை ஐயரும் முதலியாரும் தம் ஆசானாக ஏற்றுப் பாடிய ஊர் இது. அவருடைய தர்கா இன்றும் இங்கே இருக்கிறது.

அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு சென்னை மாணவர். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் படித்த திரு.வி.க., தம் ஆசிரியர் யாழ்ப்பாணம் நா. கதிரைவேற் பிள்ளைமீது அருட்பா–மருட்பா பூசல் தொடர்பாக வழக்கு நடந்தபோது, அவருக்காகச் சாட்சி சொல்லச் சென்றார். அதனால் 1904-இல் பள்ளி இறுதித் தேர்வை எழுத முடியாமற் போயிற்று. அத்துடன் அவருடைய பள்ளிக் கல்வியும் நின்றது. 1907-இல் கதிரைவேற் பிள்ளை இளவயதிலேயே மறைந்தார். மறு ஆண்டு திரு.வி.க. அவருடைய வரலாற்றை எழுதி வெளியிட்டார். பின்னாளில் வடசென்னை ஆலைத் தொழிலாளர் நடுவே நின்று சங்கம் வளர்த்த அம்மனிதரின் எழுத்துப்பணி, இறந்த ஆசிரியருக்குச் செய்த கடனாகவே தொடங்கியது.

இவையெல்லாம் மாணவன் ஆசானுக்குச் செய்தவை. தன்னொடு கற்றோனுக்கு யார் செய்தார்கள் என்று தேடியபோது, என் கண்ணில் பெரிதாகத் தென்பட்டவர் ஒருவரே. அவர் உ.வே. சாமிநாதையர்.

*

சாமிநாதையர் 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். 1876 பிப்ரவரி 1 அன்று திருவாவடுதுறையில் பிள்ளையவர்கள் காலமானார். அப்போது ஐயருக்கு இருபத்தோரு வயது நிறையவில்லை. அந்த இரவை அவர் எழுதியிருப்பதைப் படித்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஆசிரியர் திருவாசகம் கேட்க விரும்புகிறார். ஐயர் அடைக்கலப்பத்தை எடுத்துப் படிக்கிறார். சவேரிநாத பிள்ளை என்னும் மாணவர் ஆசிரியரைத் தம்மீது சாய்த்துத் தாங்கிக்கொண்டிருக்கிறார். சைவ மடத்தின் மகாவித்துவான், கிறிஸ்தவ மாணவர் ஒருவரின் தாங்கலில், பிராமண மாணவர் ஒருவர் திருவாசகம் படிக்கக் கேட்டவாறே உயிர் நீத்தார்.

இந்தக் காட்சியைப் பலர் மேடையில் எடுத்துச் சொல்லக் கேட்டிருக்கிறேன். சமய நல்லிணக்கத்திற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அது சரியே. எனக்கு இப்போது வேறொன்று தெரிகிறது. சவேரிநாத பிள்ளை பெரும் நூல்கள் செய்து பெயர் பெற்றவர் அல்லர். அவருடைய பெயர் நமக்குத் தெரிந்திருப்பதற்குக் காரணம், பக்கத்தில் இருந்து பார்த்த ஒருசாலை மாணாக்கர் அதை எழுதி வைத்ததுதான். ஐயர் எழுதாமல் விட்டிருந்தால், ஆசிரியரைத் தாங்கியிருந்த அந்த மனிதர் அடையாளமின்றிப் போயிருப்பார். பிள்ளையவர்கள் சரித்திரத்தின் முதற்பகுதி 1933-இலும் இரண்டாம் பகுதி 1934-இலும் வெளிவந்தன. ஆசிரியர் மறைந்து ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. எழுதியவருக்கு வயது எழுபத்தொன்பது. அத்தனை ஆண்டுகள் அந்த இரவைக் கலையாமல் வைத்திருந்தார்.

தியாகராச செட்டியாரின் கதை இதனினும் நெருக்கமானது. அவரும் பிள்ளையவர்களின் மாணவர். ஐயரைவிட வயதில் மிக மூத்தவர். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த அவர் 1880-இல் ஓய்வு பெற்றபோது, அந்த இடத்திற்குச் சாமிநாதையரே வரவேண்டும் என்று முயன்று அதை நிறைவேற்றினார். மடத்தில் பயின்ற ஐயர் கல்லூரி ஆசிரியரானது அப்படித்தான். சிந்தாமணியும் பத்துப்பாட்டும் புறநானூறும் அவர் கும்பகோணத்தில் பணியாற்றிய காலத்திலேயே அச்சேறின. ஆசிரியர் தந்த கல்வி பயன்பட ஓர் இடம் வேண்டியிருந்தது. அதை ஒருசாலை மாணாக்கர் தேடித் தந்தார். செட்டியார் 1888-இல் மறைந்தார். 1903-இல் மாநிலக் கல்லூரிப் பணிக்காகச் சென்னை வந்த ஐயர், திருவல்லிக்கேணிப் பகுதியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் ‘தியாகராச விலாசம்’ என்று பெயரிட்டார். வீட்டுக்குக் குலதெய்வத்தின் பெயரையோ பெற்றோர் பெயரையோ வைப்பது நம் வழக்கம். தம்மோடு ஒரே ஆசிரியரிடம் பயின்றவரின் பெயரை வைத்தவர்களை நான் அதிகம் அறிந்ததில்லை. செட்டியாரின் வரலாற்றையும் அவர் தனிநூலாக எழுதினார். அந்த வீடு 2012-இல் இடிக்கப்பட்டது. நூல்கள் இருக்கின்றன.

ஐயர் எழுதியவற்றைத் திரும்பப் படிக்கும்போது ஒன்று புலனாகிறது. அவர் யாரையும் ‘நல்லவர்’ என்று பொதுவாகச் சொல்லி நகர்வதில்லை. யார் எந்த நூலைப் பாடம் கேட்டார், யார் ஏடு எழுதினார், யார் எதை உண்டார், யாருக்கு எதில் கோபம் வரும் என்று சொல்கிறார். அரியிலூர்ச் சடகோபையங்கார் முதலாக இளமையில் தமக்கு எழுத்தும் பாட்டும் கற்பித்தவர்களைக்கூட அவரவர் நடையுடையோடு நம் முன் நிறுத்துகிறார். அன்று என் இரங்கல் உரையில் இல்லாது போனது இதுதான். இறந்தவர்களைப் பற்றி எனக்கு வருத்தம் இருந்தது; விவரம் இல்லை.

*

ஐயர் தமிழ் கற்பித்த அதே கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று ஒரு பள்ளியில் தீப்பற்றி 94 குழந்தைகள் இறந்தனர். பெற்றோர் ஆண்டுதோறும் அந்த நாளில் அஞ்சலி செலுத்தி வருகிறார்கள். அன்று பிழைத்த பிள்ளைகள் இன்று முப்பது வயதை ஒட்டியிருப்பார்கள். இறந்த குழந்தையின் வீட்டு முகத்தைப் பெற்றோர் அறிவார்கள். வகுப்பில் அந்தக் குழந்தை யாருக்கு அருகில் அமர்ந்தது, எதற்குச் சிரித்தது என்பதை அறிந்தவர்கள் உடன் படித்தவர்களே. அந்த நினைவு வேறு எந்த ஆவணத்திலும் இல்லை.

இதை நான் ஊகமாகச் சொல்லவில்லை. கூடலுக்குச் சில வாரங்கள் கழித்து, கடலில் இறந்த நண்பனின் வீட்டைத் தேடிப்பிடித்துக் காசிமேட்டுக்குப் போனேன். அவன் தாய் வலைக்கயிறு சுற்றிக்கொண்டிருந்தார். யாரென்று சொன்னதும் உட்காரச் சொன்னார். சற்று நேரம் பேசாமலிருந்தவர் கேட்டார்: “எனக்கு வூட்ல இருந்த புள்ளையத்தாம்பா தெரியும். இஸ்கூல்ல அவன் எப்படிப்பா இருப்பான்?”

இத்தனை ஆண்டுகளில் அந்தக் கேள்வியை அவர் கேட்பதற்கு ஒருவரும் போகவில்லை. எனக்கு நினைவிருந்தது மிகச் சிறிது. மூன்றாம் வரிசையில் சன்னலோரம் அமர்வான். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். வாய்ப்பாட்டில் நான் தடுமாறும்போது, ஆசிரியர் பாராமல் மேசைக்கடியில் விரல்களைக் காட்டி விடை சொல்வான். மழை பெய்தால் மட்டும் அன்று பள்ளிக்கு வரமாட்டான். இவ்வளவுதான் சொன்னேன். விரல் காட்டியதைச் சொன்னபோது அவர் சிரித்தார். “அவங்க அப்பாவும் அப்படித்தான், வாயத் தொறக்கமாட்டாரு, கையிலதான் பேசுவாரு” என்றார். பிறகு அதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

திரும்பி வந்தவுடன் ஒரு குறிப்பேட்டை எடுத்து, நால்வருக்கும் தனித்தனிப் பக்கம் ஒதுக்கினேன். முதலில் முழுப்பெயர், அடுத்துத் தந்தை பெயர், அதன்பின் நினைவில் உள்ளவை. எனக்குத் தெரியாததை மற்ற நண்பர்களைக் கேட்டு நிரப்பி வருகிறேன். ஒருவர் நினைவை இன்னொருவர் மறுப்பதும் உண்டு, இரண்டையும் எழுதிக்கொள்கிறேன். தமிழ் ஐயாவுக்கு ஐந்தாவது பக்கம். அவருக்கு எழுத மாணவர்கள் பலர் இருக்கிறார்கள். அந்த நால்வருக்கு நாங்கள் சிலர்தான். அவர்கள் நூல் ஏதும் செய்யவில்லை. ஆயினும் அவர்களுக்குப் பாயிரம் எழுதும் உரிமையை நன்னூல் எங்களுக்குத் தந்திருக்கிறது என்றே எடுத்துக்கொள்கிறேன். மூன்றாம் பக்கத்தில் இன்னும் இரண்டு வரிதான் இருக்கிறது. வரும் ஞாயிறு அவனுடைய அண்ணனைப் பார்க்கக் கொருக்குப்பேட்டைக்குப் போகவேண்டும்.