இஷ் ஸ்மித்

இஷ்மேல் லேரி ஸ்மித் (பிறப்பு: ஜூலை 5, 1988), என்பிஏ கூடைப்பந்துத் தொடரில் 13 அணிகளுக்கு ஆடிய அமெரிக்க வீரர். அதற்குமுன் எவரும் அத்தனை அணிகளின் சட்டையைப் போட்டதில்லை. வட கரோலினாவின் சார்லட் நகரில் பிறந்தார். உயரம் ஆறடி, இந்த ஆட்டத்தில் அது குள்ளம்தான். பந்தைத் தட்டிக்கொண்டு எதிரணியின் தற்காப்புக்குள் பாய்ந்து நுழையும் வேகமே அவருடைய பலம்.

அதே மாநிலத்தின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு ஆடி 1,000 புள்ளிகளையும் 600 அசிஸ்ட்டுகளையும் (சக வீரர் புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்கள்) கடந்தார். ஆனாலும் புதிய வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2010இல் அழைக்கப்பட்ட 60 பேரில் அவர் இல்லை. ஹூஸ்டன் ராக்கெட்ஸ் தனியாக ஒப்பந்தம் செய்து எடுத்துக்கொண்டது. 2012 பிப்ரவரிக்குள் மெம்ஃபிஸ், கோல்டன் ஸ்டேட், ஓர்லாண்டோ என மேலும் மூன்று அணிகளைப் பார்த்துவிட்டார்.

இந்த அலைச்சலுக்கு அவரது ஆட்டம் மட்டும் காரணமில்லை. என்பிஏவில் ஓர் அணியின் பட்டியலில் இடம் குறைவு. வீரர்களைக் கைமாற்றும்போது இரு பக்கச் சம்பளக் கணக்கும் பெரும்பாலும் ஏறத்தாழ ஒத்துவர வேண்டும். அதனால் பெரிய வீரர் ஒருவர் இடம்மாறும்போது, சிறிய சம்பளக்காரர் ஒருவரும் கூடவே சேர்க்கப்படுவது வழக்கம். ஸ்மித் பலமுறை அப்படிப் போனவர். 2011இல் ஷேன் பேட்டியருடன் மெம்ஃபிஸுக்கு, 2013இல் ஜே.ஜே. ரெடிக்குடன் மில்வாக்கிக்கு. செய்தித் தலைப்பில் அவர்கள் பெயர். இவர் பெயர் கடைசி வரியில்.

விதிவிலக்கு ஃபிலடெல்ஃபியா. 2014–15 பருவத்தின் இறுதியில் அங்கே ஆடியவரை அந்த அணி தக்கவைத்துக்கொள்ளவில்லை. அடுத்த பருவத்தில் பந்தை ஒழுங்காக முன்னெடுத்துச் செல்ல ஆளில்லாமல் 31 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வென்று தவித்தது. 2015 டிசம்பரில், விட்டுவிட்ட அதே மனிதரை நியூ ஆர்லியன்ஸிடமிருந்து இரண்டு இரண்டாம் சுற்று டிராஃப்ட் உரிமைகள் கொடுத்துத் திரும்ப வாங்கியது. வந்த சில நாட்களிலேயே ஃபீனிக்ஸில் இரண்டாவது வெற்றி. அந்தப் பருவத்தில் அங்கே ஆடிய 50 ஆட்டங்களில் அவரது சராசரி 14.7 புள்ளிகள், 7 அசிஸ்ட்டுகள். அணி 10 வெற்றிகளுடன் பருவத்தை முடித்தது. யாரும் அதைக் கொண்டாடவில்லை. ஆனால் ஸ்மித்தின் மதிப்பு அங்கேதான் மாறியது.

2016இல் டெட்ராய்ட் 3 ஆண்டுகளுக்கு 1.8 கோடி டாலர் தந்தது. மூன்று பருவங்கள் ஒரே ஊரில் இருந்தது அவருக்கு அதுவே முதல் முறை. பிறகு வாஷிங்டன், சொந்த ஊரான சார்லட், மீண்டும் வாஷிங்டன்.

2022இல் டென்வர் நகெட்ஸுக்குக் களமிறங்கியபோது 13 என்ற எண்ணைத் தொட்டார். அதுவரை 12 அணிகளுடன் சக்கி பிரவுன், ஜிம் ஜாக்சன், டோனி மாசன்பர்க், ஜோ ஸ்மித் ஆகிய நால்வருடன் அவரும் சாதனையைப் பகிர்ந்திருந்தார். அந்த நால்வரில் ஜோ ஸ்மித் 1995 டிராஃப்டின் முதல் தேர்வு! முதலாவதாக அழைக்கப்பட்டவரும் அழைக்கப்படாமலே போனவரும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கிறார்கள். 2023 ஜூனில் மயாமியை 4–1 என வென்று டென்வர் தன் முதல் பட்டத்தைப் பெற்றது. இறுதிச் சுற்றில் ஸ்மித் பெரும்பாலும் மாற்று வீரர்களின் இருக்கையில்தான் இருந்தார். என்றாலும் சாம்பியன் அணியின் வீரர்.

2023 நவம்பரில் சார்லட் அவரை மறுபடி எடுத்தது. ஏற்கெனவே ஆடிய அணி என்பதால் எண்ணிக்கை 13லேயே நின்றது.