பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்த கரண்ட்

டிவிக்குப் பக்கத்தில் ஒரு தகரப்பெட்டி இருக்குமே, ஸ்டெபிலைசர், ஞாபகம் இருக்கா? கொழிஞ்சாம்பாறையில் எங்க வீட்டுப் பெட்டி, சாயங்காலம் ஆனா 'டக் டக்'னு அடிக்கும். வோல்டேஜ் குறைந்தால் ஏற்றும், கூடினால் இறக்கும். தோட்டத்து மோட்டாருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரு கோடையில் லோ வோல்டேஜில் காயில் கருகிப் போச்சு. கட்டி வருவதற்குள் அப்பாவின் அரை ஏக்கர் தக்காளி காய்ந்துவிட்டது.

அம்மா மூணாறுக்காரர். "எங்க ஊர் தண்ணியிலதான் உங்க லைட்டே எரியுது" என்பார். தப்பில்லை. 1940-ல் பள்ளிவாசல், திருவிதாங்கூர் அரசின் முதல் நீர்மின் நிலையம். 1976-ல் இடுக்கி, அதன் மூலமட்டம் மின் நிலையம் 780 மெகாவாட். ரொம்ப காலம் கேரளாவுக்கு மழைதான் வரவு. மழை பொய்த்தால் பவர்கட்.

அந்தக் கணக்கை நேர்செய்ய வெளியிலிருந்து கரண்ட் வேண்டியிருந்தது. அப்படி வந்ததுதான் புகளூர் - திருச்சூர் லைன். 2021 பிப்ரவரியில் தொடங்கி வைத்தார்கள். 2000 மெகாவாட், 320 கிலோவோல்ட் டிசி. தமிழ்நாட்டிலிருந்து டவர்களில் வந்து, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில் மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கிருந்து மாடக்கத்தரை வரை சுமார் 27 கிலோமீட்டர் கேபிள். டவர் நிறுத்த இடம் கிடைக்கவில்லை, அதான்.

இதில் என்னைப் பிடித்து இழுத்தது ஒரு சின்ன விஷயம். நான் பி.காம். ஆசாமி, தப்பிருந்தா இன்ஜினியர்கள் மன்னிக்கணும்.

ஏசியை ஏற்றி இறக்க டிரான்ஸ்பார்மர் போதும். டிசியிடம் அது செல்லாது. அதனால் ஸ்விட்சை நொடிக்குப் பல ஆயிரம் தடவை போட்டு அணைத்து, ஒரு காயிலில் மின்சாரத்தைக் கடன் மாதிரி சேர்த்து, மறுபக்கம் கொடுக்கிறார்கள். அதிக நேரம் சேர்த்தால் வோல்டேஜ் ஏறும், குறைந்த நேரம் சேர்த்தால் இறங்கும். இதுதான் பக்-பூஸ்ட். சாதாரண சர்க்யூட்டில் ஒரு வில்லங்கம்: வெளியே வரும்போது பிளஸ், மைனஸ் தலைகீழாகிவிடும். வரவு வைத்தது பற்றில் விழுந்த மாதிரி! காயிலின் இரண்டு முனையிலும் இரண்டிரண்டு ஸ்விட்ச் வைத்தால் குறி மாறாது. அதற்குப் பெயர் நான்-இன்வெர்டிங். டைப்-சி லேப்டாப் சார்ஜிங்கில் இது சகஜம்.

புகளூர் லைனில் இருப்பது இதே சர்க்யூட் அல்ல. ஏசியை டிசியாக்கி, அந்தப் பக்கம் மறுபடி ஏசியாக்கும் பெரிய நிலையங்கள் அவை. ஆனால் குறிப் பிரச்சினை அங்கேயும் உண்டு. பழைய தைரிஸ்டர் முறையில் கரண்ட் ஒரே திசையில்தான் ஓடும்; மின்சாரத்தைத் திருப்பி அனுப்ப வோல்டேஜின் பிளஸ், மைனஸையே மாற்றணும். பிளாஸ்டிக் உறை போட்ட கேபிளுக்கு அது ஆகாது. புது முறையில் கரண்ட் மட்டும் திரும்புகிறது, குறி அப்படியே நிற்கிறது. அந்த முறையில் இந்தியாவில் அமைந்த முதல் லைன் இதுதான். வேண்டுமென்றால் இடுக்கித் தண்ணீரின் கரண்ட்டும் இதே வழியில் கிழக்கே போகலாம்.

அப்பாவிடம் போனில் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி தம்பி, நம்ம டிரான்ஸ்பார்மர்ல இருந்து தோட்டம் வரைக்கும் அதே பழைய கம்பிதானே?" என்றார்.

வாஸ்தவம். கணவாயைத் தாண்டிய கரண்ட் கடைசிப் போஸ்ட்டையும் தாண்டணும். அவர் இன்னும் வோல்ட் மீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் மோட்டார் போடுகிறார்.