முகம் ரோவர், இதயம் வேன்கார்டு!

பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்னு பேச்செடுத்தா நம்மாளுங்க நேரா ஜேம்ஸ் பாண்ட், ஆஸ்டன் மார்ட்டின், ஈ-டைப் ஜாகுவார்னு கிளம்பிடுவாங்க. தப்பில்லை. ஆனா அதே சொந்தபந்தத்துல ரெண்டு மூணு வண்டிகள் நம்ம மெட்ராஸ்லயே பிறந்திருக்கு. ஸ்டைல் முக்கியமா, பெர்ஃபார்மன்ஸ் முக்கியமான்னு கார் பைத்தியங்க நடுவுல ஓயாம நடக்குதே ஒரு சண்டை, அதுக்கு இந்த மெட்ராஸ் வண்டிகளோட கதையை விட நல்ல பாடம் எனக்குத் தெரிஞ்சு இல்லை.

1948ல் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியும் மெட்ராஸின் யூனியன் கம்பெனியும் கூட்டு சேர்ந்து ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவை ஆரம்பிச்சாங்க. முதல்ல வேன்கார்டு, அப்புறம் எயிட், டென். 1961ல் வந்தது தான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்துல இதுக்குப் பேர் டிரையம்ஃப் ஹெரால்டு, 1959ல் வெளியானது. வடிவமைச்சவர் ஜொவான்னி மிக்கெலோட்டிங்கற இத்தாலிக்காரர். கத்தி மாதிரி நேர்க்கோடுகள், பின்னாடி சின்னதா வால். குண்டு குண்டா இருந்த அம்பாசடர் பக்கத்துல நிறுத்தினா கல்யாண வீட்டுல காலேஜ் பையன் நிக்கற மாதிரி இருக்கும்.

அழகு மட்டும் இல்லைங்க. மட்கார்டோட சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் முன்னோக்கி மடங்கித் திறக்கும். மெக்கானிக் டயர் மேலயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள்ள முழுசா திரும்பிடும், லண்டன் டாக்சி மாதிரி. எதிர்ல மாட்டு வண்டி, ரெண்டு பக்கமும் கடைன்னு இருக்கற நம்ம மாசி வீதிகள்ல இது எவ்வளவு பெரிய வரம்னு மதுரைக்காரங்களுக்குச் சொல்லவே வேணாம்.

வேகம்? அங்க தான் இடிக்குது. 948 சிசி என்ஜின், சுமார் 35 குதிரை சக்தி. மணிக்கு 110 கிலோமீட்டர் தொட்டாலே பெருசு. நூறை எட்ட அரை நிமிஷம் ஆகும்.

இப்ப இங்கிலாந்துப் பக்கம் ஒரு எட்டு போயிட்டு வருவோம். இதே ஹெரால்டு சேஸிஸைக் குட்டையாக்கி, மேல மிக்கெலோட்டி வரைஞ்ச திறந்த பாடியை வச்சு, 1147 சிசி என்ஜின் போட்டு 1962ல் விட்டது தான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். 63 குதிரை சக்தி, மணிக்கு 145 கிலோமீட்டர். அதாவது திருமங்கலம் ரோட்டுல டாக்டர் ஓட்டிட்டுப் போன ஹெரால்டும் அந்த ஸ்பிட்ஃபயரும் ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி.

ஸ்பிட்ஃபயருக்குப் போட்டி எம்ஜி மிட்ஜெட். இந்த ரெண்டையும் வச்சு அங்க ரசிகர்கள் இன்னிக்கும் சண்டை போடறாங்க. அழகுன்னா ஸ்பிட்ஃபயர், வளைவுல நம்பி ஓட்டணும்னா மிட்ஜெட்ங்கறது ஒரு கட்சியோட வாதம். காரணம் இருக்கு. ஸ்பிட்ஃபயரோட பின் சக்கரங்கள் தனித்தனியா ஊசலாடற ஸ்விங் ஆக்சில். வளைவுல வேகமா போகும்போது ஆக்சிலேட்டர்ல இருந்து சட்டுனு காலை எடுத்தா, வெளிப்பக்க சக்கரம் உள்ளே மடங்கி வண்டி சுத்திடும். 1970ல் வந்த நாலாவது மாடல்ல தான் இதை ஒழுங்கா சரி பண்ணினாங்க.

நம்ம ஹெரால்டுக்கும் பின்னாடி அதே ஸ்விங் ஆக்சில் தான். மெட்ராஸ்காரங்க சும்மா இருக்கல. இங்கிலாந்துல கிடைக்காத நாலு கதவு ஹெரால்டை இங்க செஞ்சாங்க. 1972ல் அதையே மாத்தி கேசல்னு விட்டப்போ, ஸ்விங் ஆக்சிலைத் தூக்கிட்டு சாதாரண ஆக்சில் போட்டாங்க. நம்ம ரோட்டுக்கு அது சரியான முடிவு. ஆனா என்ஜின்? அதே பழைய 948. போட்டி இல்லை, இறக்குமதிக்கு அனுமதி இல்லை, லைசென்ஸ் ராஜ்யம். புது என்ஜினுக்கு யார் மெனக்கெடுவா? 1977ல் கேசலும் நின்னுது.

அதுக்கப்புறம் நடந்தது தான் கதையின் உச்சம். 1985ல் ஸ்டாண்டர்டு 2000 வந்தது. அதோட முகம், உடம்பு எல்லாம் இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1. டேவிட் பாஷ் வடிவமைச்ச வண்டி. ஃபெராரி டேடோனா சாயல் அதுல அப்படியே தெரியும். 1977ல் ஐரோப்பாவின் 'கார் ஆஃப் தி இயர்'. ஒரிஜினல்ல 3500 சிசி வி8 என்ஜின், 155 குதிரை சக்தி. 1984ல் ஆண்டி ரௌஸ் பிரிட்டிஷ் சலூன் கார் சாம்பியன்ஷிப்பை ஜெயிச்சது இந்த ரோவரோட வீட்டெஸ் மாடல்ல தான்.

அடுத்த வருஷம் நம்ம ஊருக்கு வந்த அதே உடம்புக்குள்ள என்ன இருந்துச்சு தெரியுமா? வேன்கார்டு காலத்து 1991 சிசி என்ஜின். 83 குதிரை சக்தி!

இதுல ஒரு வேடிக்கை. அந்த என்ஜினும் லேசுப்பட்ட பரம்பரை இல்லை. அதே குடும்பத்து என்ஜின் ஃபெர்குசன் டிராக்டர்லயும் உழுதிருக்கு, டிரையம்ஃப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் கார்லயும் பறந்திருக்கு. 1953ல் பெல்ஜியத்தின் யாபெக் நெடுஞ்சாலையில கென் ரிச்சர்ட்சன் விசேஷமா தயார் பண்ணின டிஆர்2ல் மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர் தொட்டார். டிஆர்2ல் அது 90 குதிரை சக்தி, வண்டி எடை ஒரு டன்னுக்கும் கம்மி. ஸ்டாண்டர்டு 2000 அதை விட பல நூறு கிலோ கனம். முப்பது வருஷத்துக்கு முந்தின ஸ்போர்ட்ஸ் கார் இதயம், பத்து வருஷத்துக்கு முந்தின ஸ்போர்ட்ஸ் சலூன் முகம். ரெண்டும் நல்லது. சேர்த்தா ஓடல. பக்கத்துல 1983லயே மாருதி 800 வந்து கம்மி பெட்ரோல்ல துள்ளிக்கிட்டு இருந்துச்சு. 1988ல் ஸ்டாண்டர்டு 2000 உற்பத்தி நின்னுது. கம்பெனியும் எழுந்திருக்கவே இல்லை. தொழிற்சாலையை நம்பி இருந்த தொழிலாளர் குடும்பங்களை நினைச்சா, இது வெறும் கார் ரசிகர் சண்டை இல்லைன்னு புரியும். பெருங்களத்தூர்ல அந்த இடம் இன்னிக்கு ஐடி பார்க்.

நம்மாளுங்களுக்குத் திறமை இல்லையான்னு கேட்டா, கண்டிப்பா இல்லைன்னு சொல்லமாட்டேன். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953ல் ஆரம்பிச்சது. சோழவரம் பழைய விமான ஓடுதளத்துல இதே ஹெரால்டையும் ஃபியட்டையும் பட்டறையில செதுக்கி ஓட்டினாங்க. அப்புறம் கோயம்புத்தூர் கரிவரதன் மாருதி 800 என்ஜினை வச்சே பந்தயக் கார் கட்டினார். அந்த ஃபார்முலா மாருதியில ஆரம்பிச்ச நாராயண் கார்த்திகேயன் தான் 2005ல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனை மையமா வச்ச ஜோர்டான் அணிக்கு ஃபார்முலா ஒன் ஓட்டினார். கண்ணைப் பறிக்கற முகம் எதுவும் இல்லை, 796 சிசி என்ஜின் தான். ஆனா அதைத் தினம் தினம் பிரிச்சு, மாத்தி, ஓட்டிப் பார்த்தாங்க.

ஸ்டைலை அச்சோட கப்பல்ல ஏத்திக் கொண்டு வந்துடலாம். பெர்ஃபார்மன்ஸை அப்படி வாங்க முடியாது, வருஷக்கணக்கா கூடவே இருந்து வளர்க்கணும். இது தான் எனக்குப் புரிஞ்சது.

இப்ப ஏன் இதெல்லாம்னு கேக்கறீங்களா? 1911ல் நம்ம மதுரையில ஆரம்பிச்ச டிவிஎஸ் குடும்பத்தோட டிவிஎஸ் மோட்டார், 2020ல் இங்கிலாந்தின் நார்டன் மோட்டார்சைக்கிளை 160 லட்சம் பவுண்டுக்கு வாங்கிடுச்சு. டாடா 2008லயே ஜாகுவாரை வாங்கினாங்க, கூடவே ரோவர்ங்கற பேரும் வந்துடுச்சு. பேரும் முகமும் இப்ப நம்ம கையில. இதயத்தை யார் செய்யப் போறாங்கங்கறது தான் கேள்வி.

கொசுறு: ஸ்டாண்டர்டு தொழிற்சாலையில விக்காம தங்கிப்போன எஸ்டி1 உதிரி பாகங்களைப் பின்னாடி ரிம்மர் பிரதர்ஸ்ங்கற இங்கிலாந்துக் கம்பெனி வாங்கி, அங்க இருக்கற ரோவர் ரசிகர்களுக்கு வித்துச்சு. போன வழியே திரும்பிப் போச்சு :-)

உங்க தெருவுல ஹெரால்டோ கேசலோ ஓடினதைப் பார்த்தவங்க இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. வளைவுல வண்டி எப்படிப் போச்சுன்னும் சொன்னா சந்தோஷம்.