வலிப்பு வந்தால் சாவிக்கொத்து எதற்கு?

தோட்டத்திலும் சரி, பட்டணத்திலும் சரி, ஒருவருக்கு வலிப்பு வந்தால் நம்மவர்கள் முதலில் தேடுவது சாவிக்கொத்தைத்தான். இரும்பால் வலிப்பு நிற்பதில்லை. மூளை நரம்பணுக்களில் திடீரெனக் கட்டுமீறிப் பாயும் மின்தூண்டலே வலிப்பு. பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். பெயர் மட்டும் சாவிக்குப் போய்விடுகிறது.

சாவியாவது பரவாயில்லை. பல்லிடுக்கில் கரண்டியைத் திணிப்பதுதான் ஆபத்து: பல் உடையும், மூச்சு அடைபடும். நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது. கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். தலைக்கடியில் மடித்த துணி வையுங்கள். உதறல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தையும் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ 999-ஐ அழையுங்கள். முழுதாகத் தெளியும்வரை தண்ணீர்கூட வேண்டாம்.

எல்லா வலிப்பும் உதறலாக வருவதில்லை. வகுப்பில் சில விநாடி வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் கேட்காத பிள்ளைக்குக் 'கவனமில்லை' என்ற பெயர்தான் கிடைக்கிறது. அடிக்கடி நடந்தால் கிளினிக்கில் காட்டுங்கள்.

இது பேயும் அல்ல, தொற்றும் அல்ல. முறையான சிகிச்சையால் 10 பேரில் 7 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆனால், வேளை தவறாமல் மாத்திரை எடுக்க வேண்டும். திருமணப் பேச்சில் நோயை மறைத்துவிட்டால், புகுந்த வீட்டில் ஒளித்து ஒளித்து மாத்திரை சாப்பிட வேண்டியதாகிறது; அங்கேதான் வேளை தவறுகிறது. 'வால்புரோயேட்' மருந்து கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடியது. ஆகவே பிள்ளைப்பேற்றைத் திட்டமிடும்போதே டாக்டரிடம் பேசி மாற்று மருந்து கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். தைப்பூச விரதத்திலும் மாத்திரைக்கு விடுப்பு இல்லை. தூக்கம் கெட்டாலும் வலிப்பு வரலாம் என்பதால், இரவுக் கண்விழிப்பை மற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.