உருகிப்போன 27 கோடி டாலர்

முதலில் ஒரு சின்னக் கேள்வி. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கார்சன் சிட்டி என்று ஓர் ஊர். பக்கத்திலேயே பெரிய வெள்ளிச் சுரங்கம் இருந்ததால் 1870-இல் அங்கே ஒரு நாணயச்சாலை திறந்தார்கள். நடுவில் சில வருடம் நீங்கலாக 1893 வரை அங்கே காசு அடித்தார்கள். அந்தக் காசுகளில் 'சிசி' என்று இரண்டு எழுத்து பொறித்திருக்கும். 1885-இல் அங்கே அடித்த வெள்ளி டாலர் 2,28,000. 1889-இல் அடித்தது 3,50,000. இன்றைக்குச் சேகரிப்பவர்களிடம் எதற்கு விலை அதிகம்?

குறைவாக அடித்த 1885-க்குத்தானே என்பீர்கள். பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுக்கிறார்களே, சப்ளை குறைந்தால் விலை ஏறும் என்று! ஆனால் புழங்காத புதுக்காசாக 1885 சிசி சில நூறு டாலருக்குக் கிடைக்கிறது. அதே நிலையில் இருக்கும் 1889 சிசிக்குப் பல்லாயிரம் டாலர் கொடுக்க வேண்டும்.

பாடம் தப்பில்லை. சப்ளை என்று நாம் எதை எண்ணுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அடித்தது எத்தனை என்பது அரசாங்கக் கணக்கில் இருக்கிறது. மிஞ்சியது எத்தனை என்பது வேறு கதை. அந்தக் கதையில் நம்ம ஊர் ரூபாயும் வருகிறது, அதனால்தான் எனக்கு இதில் ஆர்வமே வந்தது.

இந்த டாலருக்கு மோர்கன் டாலர் என்று பெயர். வடிவமைத்தவர் ஜார்ஜ் மோர்கன் என்ற இங்கிலாந்துக்காரர். எடை 26.73 கிராம், அதில் 90 சதவீதம் வெள்ளி. 1878-இல் வந்த பிளாண்ட்-ஆலிசன் சட்டப்படி, அமெரிக்க அரசு மாதாமாதம் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாலருக்கு வெள்ளி வாங்கிக் காசாக அடித்தே ஆகவேண்டும். மக்கள் கேட்டா? இல்லை. சுரங்க முதலாளிகளும், பணப்புழக்கம் கூடினால் கடன் சுமை குறையும் என்று நம்பிய விவசாயிகளும் கொடுத்த நெருக்கடி. அதிபர் ஹேய்ஸ் மறுத்துத் திருப்பி அனுப்பியும் காங்கிரஸ் சபை விடாமல் நிறைவேற்றியது. இவ்வளவு கனமான காசை யார் பையில் போட்டுக்கொண்டு அலைவது? ஆயிரம் ஆயிரமாகக் கித்தான் பைகளில் கட்டிக் கருவூலத்தில் அடுக்கிவிட்டார்கள். ஒரு பை கிட்டத்தட்ட 27 கிலோ. அதற்கு ஈடாக வெளியே புழங்கியது காகிதச் சான்றிதழ்கள். 1904-இல் வெள்ளி தீர்ந்து அடிப்பது நிற்கும்வரை சேர்ந்தது சுமார் 57 கோடி காசுகள்.

இனி நம்ம ஊர். முதல் உலகப் போரில் பிரிட்டனுக்கு இந்தியாவிலிருந்து சணல், தானியம், தோல், படைவீரர்கள் என்று எல்லாம் போனது. அதற்கெல்லாம் இங்கே ரூபாயில் பட்டுவாடா செய்தாக வேண்டும். அன்றைய ரூபாய் என்பது 11.66 கிராம் எடையுள்ள வெள்ளிக் காசு. காகித நோட்டைக் கொடுத்தால், கருவூலத்தில் வெள்ளி ரூபாய் தருவோம் என்பது அரசின் வாக்குறுதி. போர்ச்செலவில் வெள்ளி விலை ஏறிக்கொண்டே போனது, உருக்கினால் லாபம் என்ற நிலை. வெள்ளியை மிச்சப்படுத்தத்தான் 1917 நவம்பரில் ஒரு ரூபாய் நோட்டும், 1918 ஜனவரியில் இரண்டரை ரூபாய் நோட்டும் வந்தன. (ஆமாம், இரண்டரை ரூபாய் நோட்டு என்று ஒன்று இருந்தது!) 1918 வசந்தத்தில் போர்ச்செய்திகள் மோசமாக வர, பம்பாயில் மக்கள் நோட்டைக் கொண்டுவந்து வெள்ளி கேட்டுக் குவிந்தார்கள். கையிருப்பு மளமளவென்று இறங்கியது. வாக்குறுதி பொய்த்துவிட்டால் போர் நடுவில் இந்தியாவில் என்ன ஆகும் என்று லண்டனுக்கு உதறல்.

உலகத்தில் அவ்வளவு வெள்ளி ஒரே இடத்தில் சும்மா கிடந்தது அமெரிக்கக் கருவூலத்தில்தான். 1918 ஏப்ரல் 23 அன்று பிட்மன் சட்டம் நிறைவேறியது. கொண்டுவந்தவர் அதே நெவாடாவின் செனட்டர் கீ பிட்மன். 35 கோடி டாலர் வரை உருக்கலாம் என்று அனுமதி. சட்டத்தின் நீளமான தலைப்பில் இந்தியா என்ற பெயரே கிடையாது. ஊருக்குத் தெரிந்தால் இன்னும் கூட்டம் கூடிவிடுமே. கடைசியில் உருக்கியது 27,02,32,722 காசுகள். அதில் 25 கோடியே 91 லட்சம் காசுகளின் வெள்ளி பிரிட்டன் வழியாக இந்தியாவுக்கு வந்து, பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாயாக மாறியது. ஒரு டாலரில் இருக்கும் சுத்த வெள்ளிக்கு இரண்டேகால் ரூபாய் தேறும், கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். பழைய வீடுகளில் பாட்டிகள் பெட்டியில் துணியில் முடிந்துவைத்திருக்கும் 1918, 1919-ஆம் வருட ரூபாய்களில் பல முன்ஜென்மத்தில் டாலராக இருந்திருக்கலாம் :)

சேகரிப்பவர்களுக்கு வந்த வினை என்னவென்றால், உருக்கியது எந்த வருடத்துக் காசு, எந்த ஊர்க் காசு என்று யாரும் குறித்துவைக்கவில்லை. பையோடு எடுத்தார்கள், எண்ணினார்கள், உலையில் போட்டார்கள். ஏறக்குறைய பாதி மோர்கன் டாலர்கள் இப்படி முகவரி இல்லாமல் போயின. (உருக்கியதற்கு ஈடாகச் சுரங்கங்களிடம் வெள்ளி வாங்கித் திரும்ப அடிக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் இருந்தது. அதனால்தான் 1921-இல் மறுபடி 8 கோடிக்கும் மேல் மோர்கன் டாலர் வந்தது.)

அதன்பிறகு விலை எல்லாம் ஊகம்தான். நியூ ஆர்லியன்ஸில் 1903-இல் 44,50,000 அடித்தார்கள். ஆனால் புதுக்காசாக ஒன்று கண்ணில் படுவதே அபூர்வம். எல்லாம் உலைக்குப் போய்விட்டது என்று நம்பினார்கள், விலை ஆயிரம் டாலரைத் தாண்டியது. 1962 கடைசியில், பல வருடம் பூட்டிக் கிடந்த ஃபிலடெல்ஃபியா பெட்டகத்தைத் திறந்தால் பை பையாக அதே காசு! கொஞ்ச நாளில் விலை சில பத்து டாலருக்கு விழுந்தது. ஆயிரம் கொடுத்து வாங்கியவரை நினைத்துப் பாருங்கள். செய்தி பரவி ஜனங்கள் கருவூலத்தில் வரிசை கட்ட, 1964 மார்ச்சில் அரசு கொடுப்பதை நிறுத்தியது. மிஞ்சியதை எண்ணினால் சுமார் 30 லட்சம், பெரும்பாலும் கார்சன் சிட்டி காசு. அவற்றை 1972 முதல் 1974 வரையும், மறுபடி 1980-லும் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டுத் தபாலிலேயே விற்றார்கள். அதில் 1885 சிசி சுமார் 1,48,000 இருந்தன. 1889 சிசி எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று. முதலில் கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

எண்ணிக்கைச் சிக்கல் போதாதென்று தரச் சிக்கலும் உண்டு. பைக்குள் ஒன்றோடொன்று மோதி, புதுக்காசிலும் கீறல் விழுந்திருக்கும். எவ்வளவு கீறல் இருந்தால் என்ன தரம்? விற்கும்போது 65 மதிப்பெண் போட்ட வியாபாரியே, திரும்ப வாங்கும்போது 63 என்பார். இந்த மதிப்பெண் முறை 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய செப்புக் காசுகளுக்காக உண்டாக்கியது: ஒன்று முதல் எழுபது வரை. புழங்காத காசுக்கு 60-இலிருந்து ஆரம்பம். போலிகள் வேறு. மிக அரிதான 1893 எஸ் காசு வேண்டுமென்றால், மலிவான 1898 எஸ் காசில் கடைசி எட்டைச் சுரண்டி மூன்றாக்கிவிடுவார்கள். விற்பவனுக்கு எல்லாம் தெரியும், வாங்குபவனுக்கு ஒன்றும் தெரியாது என்றால் சந்தையே கெட்டுப்போகும் என்று பழைய கார் உதாரணத்தோடு 1970-இல் அகர்லாஃப் எழுதினாரே, அச்சு அசல் அதே நிலைமை.

1986-இல் பிசிஜிஎஸ், 1987-இல் என்ஜிசி என்ற நிறுவனங்கள் வந்தன. காசைச் சோதித்து, மதிப்பெண் போட்டு, எண் கொடுத்து, திறந்தால் தடயம் தெரியும்படி பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துக் கொடுப்பது இவர்கள் தொழில். அரசாங்கம் அடித்த காசுக்குத் தனியார் ஒருவர் நாணயச் சான்றிதழ் தருகிறார்! உடனே வால் ஸ்டிரீட் பணமும் உள்ளே வந்து, 1989-இல் விலைகள் உச்சத்துக்குப் போய், அடுத்த வருடமே சரிந்தது தனிக்கதை.

என்னைக் கேட்டால், மதிப்பெண்ணைவிடப் பெரிய உபகாரம் இவர்கள் வெளியிடும் எண்ணிக்கைப் பட்டியல்தான். எந்த வருடம், எந்த ஊர், எந்தத் தரத்தில் இதுவரை எத்தனை வந்தன என்று அதில் பார்க்கலாம். 1918-இல் யாரும் எழுதாத கணக்கை, மிஞ்சிய பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக எண்ணி எழுதுகிறார்கள். முழுக்க நம்பவும் முடியாது. 64 வாங்கிய காசைக் கூட்டை உடைத்து எடுத்து, 65 கிடைக்குமா என்று திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். ஒரே காசு பட்டியலில் மூன்று முறை ஏறிவிடும். இப்போது கூட்டையே போலியாகச் செய்கிறார்கள். அதனால் வாங்குகிறவர்கள் கூட்டில் இருக்கும் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் அதிலுள்ள கீறல்களும் கையில் இருக்கும் காசின் கீறல்களும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகுதான் பணம் கொடுக்கிறார்கள்.