தாதியாவதற்குத் தகுதி

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய குடியிருப்புகளிலிருந்து எங்கள் பாடசாலைக்கு வரும் மாணவியரிற் பலர் தாதியராக விரும்புகின்றனர். அரச தாதியர் பயிற்சிக்கு உயர்தர விஞ்ஞானப் பிரிவிலே மூன்று பாடங்களிற் சித்தி வேண்டும் என்றதும் முகம் வாடிவிடுகின்றனர். எங்களிடம் உயர்தர விஞ்ஞான வகுப்பு இல்லை.

தகுதியே வேண்டாமென்பதன்று என் வாதம். நோயாளியின் உயிர் விளையாட்டுப் பொருளா? ஆனால் தகுதியைத் தேடும் வழி யாருக்குத் திறந்திருந்தது என்பதை வரலாற்றிடம் கேட்கத்தான் வேண்டும்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இளைஞருக்கு மேலை வைத்தியம் பயிற்றினார். முதலில் ஆங்கிலத்திலேதான். தேறியவர்கள் அரச உத்தியோகம் நாடி வெளியூர் சென்றனர். கிராமமோ வைத்தியரின்றியே கிடந்தது. எனவே 1860களில் அவர் தமிழுக்கு மாறினார். மகப்பேறு, இரண வைத்தியம், உடற்கூறு ஆகியவை பற்றிய நூல்கள் தமிழில் வந்தன. இரசாயன நூலுக்கு அவர் இட்ட பெயர் ‘கெமிஸ்தம்’! இன்று நகைக்கலாம், அன்று அச்சொல்லால் ஒரு கதவு திறந்தது. சமயம் பரப்ப வந்தவர்தாம். அதற்காக இப்பணியை மறைப்பது நேர்மையன்று.

ஆயினும் அவ்வகுப்பிற் பெண்கள் இல்லை. 1898இல் இணுவிலில் திறக்கப்பட்ட மக்லியொட் வைத்தியசாலையிலே பெண்களுக்குத் தாதிப் பயிற்சி கிடைத்தது.

இன்று விஞ்ஞானம் தமிழிலேயே போதிக்கப்படுகிறது, மொழித்தடை நீங்கிற்று. குறைவது ஆய்வுகூடமும் ஆசிரியரும். சென்ற ஆண்டு என் வகுப்பில் முதலாவதாக வந்த மாணவி, ஒரு துறைமுகத் தொழிலாளியின் மகள், விஞ்ஞான வகுப்புள்ள பாடசாலைக்கு நாள்தோறும் போய்வரப் பஸ் கட்டணத்துக்கு வழியின்றி எங்களிடமே கலைப்பிரிவிற் சேர்ந்தாள்.