வீட்டில் கட்டும் சிறு விமானங்கள்: பேட்டரியும் சார்ஜிங்கும்

தொழிற்சாலையில் வாங்காமல் ஆர்வலர் தம் கையாலேயே கட்டி ஓட்டும் ஒன்று முதல் ஆறு இருக்கை கொண்ட விமானங்களின் மின் ஏற்பாட்டையும், அதில் அடிக்கடி நேரும் பழுதுகளையும் இக்கட்டுரை விவரிக்கிறது. இவ்வகை விமானங்கள் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் பறக்கின்றன. இந்தியாவில் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் ஆசை இங்கே புதிதல்ல. 1910-லேயே சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜாக்கோமோ டி'ஆஞ்சலிஸ், சிம்சன் கம்பெனியின் உதவியோடு ஒரு விமானத்தைக் கட்டிப் பறந்து காட்டினார். மும்பையில் அடுக்குமாடி மொட்டைமாடியில் அமோல் யாதவ் கட்டிய ஆறு இருக்கை விமானத்தை 2017-ல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் பதிவு செய்தது. கேரளத்தைச் சேர்ந்த அசோக் தாமராட்சன், கொரோனா காலத்தில் இங்கிலாந்தில் ஸ்லிங் ரக கிட் வாங்கி நான்கு இருக்கை விமானம் கட்டி, 2022-ல் குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றினார்.

இந்த விமானங்களில் மின்சாரம் தரும் தொல்லையைப் புரிந்துகொள்ள ஒரே கேள்வி போதும்: பேட்டரி செத்தால் எஞ்சின் ஓடுமா? பழைய லைகமிங், கான்டினென்டல் எஞ்சின்களில் ஓடும். அவற்றின் ஸ்பார்க் பிளக்குகளுக்கு மேக்னட்டோ தானே மின்சாரம் உண்டாக்கிக் கொடுக்கிறது. பேட்டரி செல்ஃப் மோட்டாருக்கும் ரேடியோவுக்கும் விளக்குக்கும்தான். கார்ப்பரேட்டர் வைத்த ரோட்டாக்ஸ் 912-லும் அப்படித்தான்: இக்னிஷனுக்கு என்று தனிச் சுருள்கள் உண்டு. 2012-ல் வந்த ரோட்டாக்ஸ் 912 ஐ.எஸ். ரகத்தில் நிலைமை தலைகீழ். எரிபொருள் பம்பும் இன்ஜெக்டரும் கம்ப்யூட்டரும் மின்சாரம் நின்றால் நிற்கும், எஞ்சினும் நிற்கும். எனவேதான் அதில் இரண்டு ஜெனரேட்டர்கள். ஒன்று எஞ்சினுக்கு, மற்றது விமானத்துக்கும் பேட்டரிக்கும். முதலாவது பழுதானால் இரண்டாவது எஞ்சினைக் காக்க ஓடிவிடும். அந்தக் கணமே பேட்டரிக்குச் சார்ஜ் நின்றுபோகும். அப்போது விரைவில் தரையிறங்க வேண்டியதன் காரணம் இதுதான்.

நம் நாட்டுச் சிறு விமானமான ஹன்சா இந்த மாற்றத்தை அப்படியே காட்டுகிறது. பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகத்தின் ஹன்சா-3 கார்ப்பரேட்டர் கொண்ட ரோட்டாக்ஸ் 914-இல் பறந்தது. 2021 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்து, 2022 பிப்ரவரியில் புதுச்சேரியில் கடல்மட்டச் சோதனைக்கு வந்த ஹன்சா-என்.ஜி.யில் இருப்பது மின்னணு இன்ஜெக்‌ஷன் எஞ்சின். ஹன்சா வீட்டில் கட்டியதல்ல என்றாலும், கட்டுபவர்கள் போகும் திசையும் அதுவே.

பழுது எங்கே பிறக்கிறது

பேட்டரி இறங்கினால் முதல் பழி பேட்டரி மேல் விழும். பல நேரம் அது நிரபராதி. ரோட்டாக்ஸ் 912-இல் சார்ஜ் தருவது நிரந்தரக் காந்தச் சுழலி. அதிகபட்சம் 250 வாட், ஏறத்தாழ 18 ஆம்பியர், அதுவும் எஞ்சின் முழு வேகத்தில். ஐட்லிங்கில் மிகச் சொற்பம். தரையில் வரிசையில் நின்றுகொண்டு லேண்டிங் லைட், ரேடியோ, திரைகள் எல்லாவற்றையும் எரியவிட்டால் பேட்டரி இறங்கத்தான் செய்யும்.

அந்த மாறுதிசை மின்சாரத்தை நேராக்கி மட்டுப்படுத்துவது ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர். பைக் மெக்கானிக்குகள் ஆர்.ஆர். யூனிட் என்பார்களே, அதே ரகம். இதன் எதிரி சூடு. உடல் வெப்பம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது உற்பத்தியாளர் விதி. பலர் இதை எஞ்சினுக்குப் பின்னால் காற்றே படாத தகட்டில் அறைந்துவிடுகிறார்கள். மூடியைக் கழற்றிப் பார்த்தால், சுழலியிலிருந்து வரும் இரண்டு மஞ்சள் ஒயர்கள் சொருகும் இடத்தில் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கும். ஒயரைத் தொட்டு அசைத்தால் ஆடும். லூஸ் கான்டாக்ட் சூட்டைப் பெருக்க, சூடு கான்டாக்டை இன்னும் தளர்த்துகிறது. ரெகுலேட்டர் வெளியீட்டில் 22,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் கட்டாயம் என்றிருக்க, இடமில்லை என்று அதை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. பேட்டரி துண்டித்துக்கொண்டால் ரெகுலேட்டர் தாறுமாறாக நடப்பது அப்போதுதான்.

ரெகுலேட்டரின் உடலே அதன் எர்த். பெயின்ட் அடித்த தகட்டின் மேல் அப்படியே முறுக்கினால் எர்த் கிடைக்காது. ஃபைபர்கிளாஸ் விமானங்களில் சிக்கல் இன்னும் ஆழம். விமான வடிவமைப்பாளர் பர்ட் ருட்டனின் லாங்-ஈசியும், அதை ஒட்டி பெங்களூரு ஆய்வகம் 1980-களில் கட்டிய இலகு கனார்டு (முன்பக்கச் சிறு இறக்கை) ஆய்வு விமானமும் அப்படிப்பட்டவை. உலோக உடல் இல்லாததால் எதிர்முனைக்கும் தனி ஒயர் போட வேண்டும். லாங்-ஈசியில் எஞ்சின் பின்னால். எடைச் சமநிலைக்காகப் பேட்டரியை மூக்கில் வைப்பது வழக்கம். இத்தனை நீள ஒயரில் போகவர 5 மில்லி ஓம் தடை இருந்தாலே, செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கும்போது 1 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். செல்ஃப் முனகும், கட்டியவர் போய்ப் புது பேட்டரி வாங்கி வருவார். மல்டிமீட்டரை பேட்டரி எதிர்முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே வைத்துச் செல்ஃப் அடித்தால் குற்றவாளி அங்கேயே சிக்கிவிடும். பலர் இந்த ஒரு நிமிட வேலையைச் செய்வதில்லை.

கார் ஆல்டர்னேட்டர் பொருத்திய விமானங்களில் அபாயம் வேறு. ரெகுலேட்டர் கெட்டால் வோல்டேஜ் 16-ஐத் தாண்டிச் சென்று கருவிகளைக் கருக்கும். விமான மின் அமைப்புகள் பற்றி எழுதிய பாப் நக்கல்ஸின் எழுத்துகளால் பரவிய ‘குரோபார்’ தற்காப்பு, வோல்டேஜ் எல்லை மீறியதும் ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு சர்க்யூட்டை வேண்டுமென்றே ஷார்ட் செய்து அதன் பிரேக்கரை விழவைக்கிறது.

ஈயமும் லித்தியமும், திருப்பதி வெயிலும்

பேட்டரியின் வகையையும் வெயிலையும் பார்க்கத் திருப்பதி வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம்; அங்கே பேட்டரி அந்நியப் பொருளல்ல. கல்லா ராமச்சந்திர நாயுடு 1985-ல் தொடங்கிய அமர ராஜா நிறுவனத்தின் ஆலை, திருப்பதிக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவே கரகம்பாடியில் இருக்கிறது. அமரான் பேட்டரி அங்கிருந்து வந்ததுதான். சென்னையைச் சேர்ந்த முனோத் நிறுவனம் திருப்பதியில் அமைத்த லித்தியம் செல் ஆலை 2022 செப்டம்பரில் சோதனை உற்பத்தியைத் தொடங்கியது. ஆக ஈயமும் லித்தியமும் ஒரே ஊர்ப்பக்கம்.

கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் இந்த மண்ணில் ஈய பேட்டரியின் ஆயுள் சுருங்கும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதி என்பது துறையில் வழங்கும் கணக்கு. மாதக்கணக்கில் பறக்காமல் நிற்கும் விமானத்தில் தகடுகளில் சல்ஃபேட் படிந்துவிடும், 12.7 வோல்ட் காட்ட வேண்டியது 12.2-க்கு இறங்கி நின்றால் பாதிதான் மிச்சம்.

எடை குறையும் என்று லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக்கு மாறுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். நெடுங்காலம் பிரபலமாயிருந்த ஒடிஸி பி.சி.680 ஈய பேட்டரி ஏறத்தாழ 7 கிலோ. இணையான லித்தியம் அதில் பாதிகூட இல்லை. 2013 ஜனவரியில் ஏர் இந்தியாவின் ஆறு விமானங்கள் உட்பட உலகின் போயிங் 787-கள் எல்லாம் பறக்கவிடாமல் நிறுத்தப்பட்டது வேறு வகை லித்தியத்தால், கோபால்ட் ஆக்சைடால். பாஸ்பேட் வகை அதைவிடச் சாது. ஆனால் அதற்கும் குணங்கள் உண்டு. வோல்டேஜ் வெகுநேரம் 13-ஐ ஒட்டியே நின்று, தீரும் தறுவாயில் சடாரென்று விழும். வோல்ட்மீட்டர் முன்கூட்டி எச்சரிக்காது. இறங்கிய நிலையில் சார்ஜ் கிடைத்தால் தாராளமாக இழுக்கும். 18 ஆம்பியர் தரும் சிறு சுழலியின் ரெகுலேட்டர் அதிலேயே வெந்துபோகும்.

ஆல்டர்னேட்டர் வானில் நின்றுவிட்டால் எவ்வளவு நேரம் கிடைக்கும்? 16 ஆம்பியர்-மணி பேட்டரியில் 8 ஆம்பியர் இழுத்தால் 2 மணி நேரம் என்று காகிதம் சொல்லும். ஈய பேட்டரியில் அந்த 16 என்ற எண், மெதுவாக இறக்கினால் கிடைப்பது; வேகமாக இழுத்தால் குறையும், மூன்றாண்டுப் பழசென்றால் இன்னும் குறையும். ஆகவே 13 வோல்டுக்குக் கீழே எரியும் சிவப்பு விளக்கு ஒன்றைப் பைலட்டின் கண்ணெதிரே வைப்பதும், அது எரிந்தவுடன் எதையெல்லாம் அணைப்பது என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிவைப்பதும் வழக்கம். வருடாந்தரப் பரிசோதனையில் பேட்டரியை லோடு வைத்து இறக்கி, மீதித் திறனைப் பார்த்து, முக்கால் பங்குக்குக் கீழே போனதை மாற்றிவிடுகிறார்கள்.